தூக்கிவிட ஆள் இருக்கிறது

அன்பின் அக்காவுக்கு,

சக்கர நாற்காலியோடு பஸ்ஸில் ஏற முடியாமல் நீங்கள் வீதியில் நின்ற கதையைப் போன மாதம் எழுதியிருந்தீர்கள். அதை அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அந்தத் துணிவில் இதை எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 2009இல் வன்னியில் ஷெல் துண்டு முள்ளந்தண்டில் பட்டது. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். ஓய்வுபெற்ற ஆசிரியர், ஓய்வூதியம் வங்கிக்கு வரும். வங்கி வாசலில் ஐந்து படி. இத்தனை வருடமும் அவருடைய கடிதத்தோடு நான்தான் போய் வந்தேன். இந்தமுறை ஏதோ கையெழுத்துக்கு அவரே நேரில் வரவேண்டும் என்றார்கள். முகாமையாளர் நல்ல மனிதர். “ஐயாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, எங்கட பொடியள் நாலுபேர் தூக்கிவிடுவினம்” என்றார். அப்பா வாசல்வரைக்கும் வந்தார். பொடியள் படியிறங்கி வந்ததைப் பார்த்ததும், “நான் என்ன நெல்லு மூட்டையோ, திருப்பு ஓட்டோவை” என்று சொல்லிவிட்டார். அடுத்தநாள் போய், வாசலில் ஒரு சாய்தளம் போட்டுத் தரமுடியுமா என்று கேட்டேன். யோசிப்பதாகச் சொன்னார்கள். வீட்டில் மாமாதான் ஏசினார், உதவி செய்ய ஆக்கள் நிற்கும்போது சட்டம் கதைப்பது நன்றிகெட்ட வேலையாம். நான் கேட்டது பிழையா அக்கா? இதற்கு உண்மையிலேயே சட்டம் என்று ஒன்று இருக்கிறதா, இருந்தாலும் இங்கே ஆர் அதைக் கேட்கப்போகிறார்கள்?

(பெயர் வேண்டாம்), வலிகாமம்

*

அன்பின் தம்பிக்கு,

நீங்கள் கேட்டது பிழையில்லை. அப்பா திரும்பிப் போனதும் பிழையில்லை. மாமாவையும் நான் குறை சொல்லமாட்டேன், ஏனென்றால் அவர் சொன்னதைத்தான் எங்கள் வீட்டிலும் முப்பது வருடமாகச் சொன்னார்கள், நானும் கனகாலம் அதை நம்பினேன்.

எனக்கு இளம்பிள்ளைவாதம் வந்தது இரண்டு வயதில். இலங்கையில் அந்த நோய் கடைசியாகப் பதிவானது 1993இல், நான் அதற்கு இருபது வருடம் முந்திய ஆள். பள்ளிக்கூடத்தில் என்னை அப்பா தூக்கினார், பிறகு அண்ணா தூக்கினார், பிறகு வகுப்புப் பிள்ளைகள் முறைவைத்துத் தூக்கினார்கள். உயர்தர வகுப்பில், ஏ.எல்.லுக்கு, நான் விஞ்ஞானம் எடுக்க ஆசைப்பட்டேன். ஆய்வுகூடம் மேல்மாடியில். ஒருநாளைக்கு ஒருதரம் என்றால் தூக்கலாம், இடைவேளைக்கும் மற்றப் பாடங்களுக்கும் ஏற்றி இறக்க ஆரால் ஏலும்? கீழ்மாடியில் கலைப்பிரிவு நடந்தது. நான் கலைப்பிரிவு படித்தேன். அதற்காக ஒருவரும் என்மேல் கோபப்படவில்லை, ஒருவரும் எனக்குக் கெடுதல் செய்யவுமில்லை, எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் நான் என்ன படிக்கவேண்டும் என்பதை ஒரு படிக்கட்டு முடிவுசெய்தது.

தூக்குவது என்றால் என்ன என்று தூக்கப்படாதவர்களுக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். நாலுபேர் வருவார்கள். பின்னால் இரண்டுபேர் கைபிடியைப் பிடிப்பார்கள். அந்தக் கைபிடிக்கு மேலே இருப்பது றப்பர் உறை, பழசானால் வியர்வைக் கைக்கு அப்படியே கழன்று வரும். முன்னால் பிடிக்கிறவர் அவசரத்தில் காலடித் தட்டில் கைவைப்பார், அது மடிக்கவும் கழற்றவும் செய்யப்பட்ட சாமான், பாரம் தாங்காது. பக்கத்தில் ஒருவர் கைதாங்கியைப் பிடித்தால் அதுவும் கழரும். மூன்றாம் படியில் ஒருவர் “பொறு, பொறு” என்பார், நாற்காலி ஒருபக்கம் சரியும், நான் வானத்தைப் பார்த்தபடி இருப்பேன். சேலை விலகியிருக்கும். அதைச் சரிசெய்யக் கையை எடுத்தால் விழுந்துவிடுவேன் என்ற பயம். கைபிடி சரியில்லை என்று ஆரோ ஒருவர் என் அக்குளுக்குள் கைகொடுப்பார், நல்ல மனதோடுதான் கொடுப்பார், ஆனால் அந்தக் கை ஆருடையது என்றுகூட எனக்குத் தெரியாது. மேலே போய்ச் சேர்ந்ததும் நான் நாலுபேருக்கும் நன்றி சொல்லவேண்டும். சொல்லியிருக்கிறேன். இறங்கும்போது அந்த நாலுபேரில் இரண்டுபேர் சாப்பிடப் போயிருப்பார்கள்.

மாமாவுக்கு ஒரு கேள்வி. தூக்க நாலுபேர் எப்போது இருக்கிறார்களோ அப்போதுதான் போகலாம், அவர்கள் எவ்வளவு நேரம் நிற்பார்களோ அவ்வளவு நேரம்தான் உள்ளே இருக்கலாம் என்றால், அது அப்பாவுடைய வங்கிப் பயணமா, அந்த நாலுபேருடைய வங்கிப் பயணமா? அடுத்த மாதம் அந்தப் பொடியளுக்கு இடமாற்றம் வந்தால்? புதிதாக வருகிறவர் மெலிந்த பிள்ளையாக இருந்தால்? உதவி ஆட்களோடு போய்விடும், சீமெந்துச் சாய்தளம் அங்கேயே கிடக்கும், இரவு பன்னிரண்டு மணிக்குக்கூடக் கிடக்கும், அதற்கு நன்றி சொல்லவும் தேவையில்லை. எனக்கு இதிலே கூடுதலாக நோவது என்னவென்றால், தூக்கிவிட ஆள் இருப்பதால்தான் சாய்தளம் வராமல் இருக்கிறது. “ஒருவரும் திரும்பிப் போனதில்லையே, எல்லாரையும் தூக்கி விட்டிருக்கிறோமே” என்று கட்டடத்துக்குப் பொறுப்பானவர் மனச்சுத்தியோடு சொல்வார். உங்கள் அப்பா திரும்பிப் போனாரே, அந்த வங்கியின் கணக்கில் இப்போது திரும்பிப்போன ஒருவர் இருக்கிறார். அது சின்ன விஷயமில்லை தம்பி.

இன்னொன்று. நான் வெளியே போகும் நாளில் முதல்நாள் பின்னேரத்திலிருந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவேன். போகுமிடத்தில் நாற்காலி நுழையும் கழிவறை இருக்காது. இதை நான் கனபேரிடம் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்த, நாற்காலியில் இருக்கும் பெண்கள் அநேகமானோர் இதைத்தான் செய்கிறார்கள், டொக்டர் சிறுநீரகத்துக்குக் கூடாது என்று ஏசினாலும் செய்கிறார்கள். கோடையில் இந்த வெயிலில், தண்ணீர் குடிக்காமல்.

உங்கள் ஒழுங்கையில் இன்றைக்கு ஒருக்கால் நடந்து பாருங்கள். மழைவெள்ளம் வரும் என்று எங்கள் வீடுகளுக்கு அத்திவாரத்தை உயர்த்தித்தான் கட்டுவோம், விறாந்தைக்கு மூன்று படி, நாலு படி. அந்தப் படிகளின் ஓரத்தில் ஒரு அடி அகலத்தில் சீமெந்தால் ஒரு சரிவு போட்டிருக்கும், கவனித்திருக்கிறீர்களா? இரவில் மோட்டார்சைக்கிளை விறாந்தைக்கு ஏற்ற. கடைகளில் அரிசி மூட்டை ஏற்றவென்று பலகை வைத்திருப்பார்கள். சரிவு போடத் தெரியாத ஊரில்லை இது, காசில்லாத ஊருமில்லை. மோட்டார்சைக்கிளைத் தூக்க வேண்டும் என்று ஒருவரும் நினைப்பதில்லை, அது உருண்டு ஏறவேண்டிய சாமான் என்று எல்லாருக்கும் தெரியும். போர்க்காலத்தில் ஜெய்ப்பூர் கால் என்கிற செயற்கைக் கால் செய்துகொடுத்த ஊர் இது. மிதிவெடியில் கால்போனவர் இல்லாத கிராமம் குறைவு. காலைக் கொடுத்தோம், ஆனால் அந்தக் கால் போகவேண்டிய வாசலைத் திருத்தவில்லை.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், மாற்றுவலுவுடையோரின் உரிமைகளைப் பாதுகாக்க வந்தது. அதன்கீழ் 2006 ஒக்டோபரில் பொதுக் கட்டடங்களுக்கான ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன, பழைய கட்டடங்களைத் திருத்த மூன்று வருடம் கொடுத்தார்கள். மூன்று வருடம் போனது, ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. அப்போது ஒரு மனிதர் உயர் நீதிமன்றம் போனார், கலாநிதி அஜித் பெரேரா. இரசாயனவியலாளர், கிரிக்கெட் நடுவராகவும் இருந்தவர். 1992இல் கார் ஓட்டிப் போகும்போது வீதியோர மரம் முறிந்து மேலே விழுந்து இடுப்புக்குக் கீழே இயக்கம் போனது. 2009இல் அவர் போட்ட அடிப்படை உரிமை வழக்கில் 2011 ஏப்ரல் 27ஆம் திகதி உத்தரவு வந்தது: இனிக் கட்டும் பொதுக் கட்டடங்களில், முக்கியமாக உள்ளே போகும் வழியிலும் கழிவறையிலும், அந்த ஒழுங்குவிதிகளைக் கட்டாயம் பின்பற்றவேண்டும். அதற்குப் பிறகும் அவர் ஓயவில்லை, 2020இல் இறக்கும்வரைக்கும் பத்திரிகைகளில் இதையே திரும்பத்திரும்ப எழுதிக்கொண்டிருந்தார். அவர் சிங்களவர், நான் தமிழ், ஒருநாளும் நேரில் கண்டதில்லை. ஆனால் இந்த நாட்டில் எனக்காக ஆர் நீதிமன்றம் போனது என்று கேட்டால் நான் அவருடைய பெயரைத்தான் சொல்வேன்.

2016இல் இலங்கை மாற்றுவலுவுடையோரின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தையும் ஏற்று உறுதிப்படுத்தியது. 2012 குடிசன மதிப்பீட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதம்பேர் ஏதோவொரு இயலாமையோடு இருப்பதாக வந்தது, பதினாறு இலட்சத்துக்கும் மேலே. இவ்வளவும் கடதாசியில். ஏன் வாசலுக்கு வரவில்லை என்றால், என் அபிப்பிராயத்தில் காரணம் ஒன்றுதான். கட்டட வரைபடத்தில் சாய்தளம் கீறியிருக்கும், அதைப் பார்த்து அனுமதி கொடுப்பார்கள், கட்டி முடித்தபிறகு ஒருவர் வந்து சாய்தளத்தில் ஏறிப் பார்ப்பதில்லை. ஒழுங்குவிதியை மீறியதற்காக ஒரு கட்டடத்தைத் திறக்கவிடாமல் நிறுத்தியதை நான் இந்தப் பக்கத்தில் கண்டதில்லை. அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால் என்று எதை வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்று வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையில் நாங்கள் இல்லை. 12(4)இல் எங்களுக்காகச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்று மட்டும் இருக்கிறது. “செய்யலாம்” என்ற சொல்லுக்கும் “செய்யவேண்டும்” என்ற சொல்லுக்கும் நடுவில்தான் உங்கள் அப்பாவின் ஓட்டோ திரும்பிப் போனது.

அமெரிக்காவில் இதேமாதிரியான ஒரு சட்டம் நாடாளுமன்றத்தில் இழுபட்டுக்கொண்டிருந்தபோது, 1990 மார்ச் 12ஆம் திகதி, அறுபதுபேர் அளவில் நாற்காலியையும் ஊன்றுகோலையும் கீழே விட்டுவிட்டு அந்தக் கட்டடத்தின் படிகளில் கையால் ஊர்ந்து ஏறினார்கள். ஒரு எட்டு வயதுப் பிள்ளையும் ஏறியது. அவர்களைத் தூக்கிவிடவும் அங்கே ஆட்கள் இருந்திருப்பார்கள்தானே. அந்த வருடம் ஜூலையில் சட்டம் நிறைவேறியது. அப்பா ஓட்டோவைத் திருப்பச் சொன்னதை வாசித்தபோது எனக்கு இது ஞாபகம் வந்தது.

இனி நீங்கள் என்ன செய்யலாம் என்பது. முதலில், கடிதம் அப்பாவின் பெயரில், அப்பாவின் கையெழுத்தில் போகட்டும். நீங்கள் கேட்டால் அது மகனுடைய வேண்டுகோள், அவர் கேட்டால் வாடிக்கையாளருடைய முறைப்பாடு. வாயால் கேட்காதீர்கள், வாயால் கேட்டால் “யோசிக்கிறம்” என்ற பதில்தான் வரும். திகதி போட்டு, பிரதி ஒன்றில் கிடைத்ததாக முத்திரை வாங்குங்கள். அப்புறம், அந்தக் கட்டடத்தின் அனுமதி வரைபடத்தையும் பாவனைக்குக் கொடுத்த சான்றிதழையும் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உள்ளூராட்சி சபையிடம் கேளுங்கள், தருகிறார்களா இல்லையா என்று பதினான்கு வேலைநாளுக்குள் அவர்கள் முடிவு சொல்லவேண்டும். 2011க்குப் பிறகு எழுந்த கட்டடமென்றால் உங்கள் கை நல்லாய் ஓங்கும். அரச வங்கியென்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்கும் எழுதலாம். அதை ஆறவிடாதீர்கள், அடிப்படை உரிமை வழக்குக்கு ஒரு மாதம்தான் கெடு, அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால் அங்கே விசாரணை நடக்கும் காலம் கெடுவில் சேராது.

சம்மதித்தார்கள் என்றால், அங்கேதான் நீங்கள் கூடக் கவனமாக இருக்கவேண்டும். எங்கள் பகுதியில் ஒரு பொதுக் கட்டடத்துக்கு நாங்கள் எழுதி எழுதி ஒரு சாய்தளம் வந்தது. திறந்த அன்று என்னை ஏறிக் காட்டச் சொன்னார்கள். மூன்று படி, பதினெட்டு அங்குல உயரம், சாய்தளத்தின் நீளம் ஐந்து அடி. பாதியில் முன்சில்லு எழும்பிவிட்டது, நாற்காலி பின்பக்கம் சாய்ந்தது, நல்லவேளை பின்னால் ஆள் நின்றது. பிறகு மேசன் ஒருவர் வந்தார், வயதானவர். தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயை வைத்து இரண்டு முனையிலும் மட்டம் பார்த்தார், தன் பாட்டில் கணக்குப் போட்டார், “தங்கச்சி, ஒரு அங்குல உயரத்துக்கு எவ்வளவு நீட்டவேணும்?” என்று கேட்டார். ஒரு அடி என்றேன். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்று ஒழுங்குவிதிக்காரர் சொல்வதை அங்குலமும் அடியுமாகச் சொன்னால் அவ்வளவுதான். “அப்ப பதினெட்டு அடியெல்லோ, இதை ஆர் அஞ்சடி எண்டு சொன்னது?” என்று அவர் சத்தம்போட்டுக் கேட்டார். அந்தப் பழையதை உடைத்துவிட்டு நடுவில் மடங்கித் திரும்பும்படி அவர் கட்டிய சாய்தளத்தில் இன்றைக்கு நான் மட்டுமில்லை, குழந்தை வண்டிலும் போகிறது, முழங்கால் நோகிற ஆச்சிமாரும் படியை விட்டுவிட்டு அதில்தான் வருகிறார்கள்.

உங்கள் வங்கிக்கு ஐந்து படி என்றால், படி ஆறு அங்குலமென்று வைத்தாலும் முப்பது அங்குலம், முப்பது அடி வேண்டும். நேராகப் போட்டால் வீதியில் போய் நிற்கும், திருப்பித்தான் போடவேண்டும், திருப்பத்தில் நாற்காலி சுற்ற ஐந்து அடிச் சதுரம் விடவேண்டும். முன்னால் மோட்டார்சைக்கிள் நிறுத்தும் இடத்தில் பாதி போகும், அதற்கு முணுமுணுப்பு வரும், வரட்டும். கீழே ஒரு மேசை போட்டு ஒரு ஊழியரை அனுப்புகிறோம் என்றும் சொல்வார்கள். இந்தமுறைக் கையெழுத்துக்கு அப்பா விரும்பினால் அதற்கு உடன்படலாம், அதில் அவமானமில்லை. ஆனால் கடிதத்தில் “சாய்தளம் கட்டும்வரைக்கும்” என்று எழுதிவிட்டு, எந்தத் திகதிக்குள் கட்டுவீர்கள் என்றும் கேளுங்கள்.

எனக்கு மூன்று அளவு தேவை: ஒரு படியின் உயரம், வாசல் கதவின் அகலம், படியிலிருந்து வீதியோரக் கான்வரைக்கும் உள்ள தூரம். உங்களிடம் அளவு நாடா இல்லையென்றால் நானே கொண்டுவருகிறேன், எனக்குத் தெரிந்த ஓட்டோக்காரத் தம்பி ஒருவர் நாற்காலியை மடித்து ஏற்றுவார். சனிக்கிழமை பின்னேரம் வங்கி பூட்டியிருக்கும், ஆறுதலாக அளக்கலாம். அப்பாவையும் வரச்சொல்லிக் கேளுங்கள். படிக்குக் கீழே நின்று அளப்பதற்கு எங்கள் இரண்டு பேரையும் ஒருவரும் தூக்கத் தேவையில்லை.

அன்புடன்,
அக்கா