இரவுத் தாக்குதலுக்குப் போய்த் திரும்பாத குண்டுவீச்சு விமானப் பணியாளருக்கு என்ன ஆனது என்று எப்படிக் கண்டறிவது?

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் இருந்தவர், 1944 மார்ச்சில் காணாமல் போனவர், பெயர் மட்டும் தெரியும் என்கிறீர்கள். தொடங்க அதுவே போதும். அந்தப் படையில் 55,573 விமானப் பணியாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோரைப் பற்றி ஏதாவது ஒரு தாள் மிஞ்சியிருக்கிறது.

முதலில் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையத்தளம். இலவசம். சேவை எண், ஸ்குவாட்ரன் (அவர் பறந்த விமான அணி), இறந்த தேதி, கல்லறை எண் கிடைக்கும். அந்தத் தேதியை அப்படியே நம்பிவிடாதீர்கள். விமானம் நள்ளிரவுக்கு முன் விழுந்ததா, பின் விழுந்ததா என்பது தெரியாமலே இரண்டில் ஒரு தேதி பதிவாகியிருக்கும். ஆகவே இரவை இரட்டைத் தேதியாகத் தேடுங்கள். உதாரணமாக மார்ச் 30/31 என்றால் அது ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகர் மீதான தாக்குதல்: 795 விமானங்கள் போயின, 95 திரும்பவில்லை.

அடுத்து விமானத்தின் வரிசை எண்ணைப் பிடியுங்கள். லிங்கனில் உள்ள சர்வதேச பாம்பர் கமாண்ட் மையத்தின் இழப்புப் பட்டியலில் அது இருக்கும். மூல ஆவணம் லண்டன் கியூவில் தேசிய ஆவணக் காப்பகத்தில், 'ஏர் 27' வரிசையில் உள்ள ஸ்குவாட்ரன் நாட்குறிப்பு. அதில் படிவம் 540 அன்றாடச் சுருக்கம்தான். உங்களுக்கு வேண்டியது படிவம் 541. விமான எண், உடன் பறந்தவர்கள், புறப்பட்ட நேரம் எல்லாம் அதில் வரும். திரும்பாத விமானத்துக்கு எதிரே பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் இருக்கும், புறப்பட்ட பின் தகவல் இல்லை என்று. அதைப் படித்துவிட்டு மனம் தளர வேண்டாம்.

லங்காஸ்டர் ரகக் குண்டுவீச்சு விமானம் என்றால் வழக்கமாக ஏழு பேர்: விமானி, ஃப்ளைட் எஞ்சினியர், நேவிகேட்டர் (வழி கணிப்பவர்), பாம் எய்மர் (குண்டுக்குக் குறிபார்ப்பவர்), வயர்லெஸ் ஆபரேட்டர், விமானத்தின் நடுமேல் பகுதியிலும் வாலிலும் துப்பாக்கி இயக்கும் இரண்டு கன்னர்கள். ஏழு பேரின் முடிவையும் தேடுங்கள். உயிர் தப்பிய ஒருவர் சொன்னதுதான் பல சமயம் கடைசி நிமிடங்களுக்கு ஒரே சாட்சி. 1944 ஜூன் 12/13 இரவு பிரான்சின் காம்ப்ரே மீதான தாக்குதலில் இறந்த கனடியர் ஆண்ட்ரூ மைனார்ஸ்கி, தீப்பிடித்த விமானத்தில் வால் கூண்டுக்குள் சிக்கிய வால் கன்னர் பேட் பிராஃபியை மீட்கப் போராடினார். விமானத்தோடு விழுந்தும் பிராஃபி பிழைத்துச் சொன்னதால்தான் அது உலகுக்குத் தெரிந்தது. 1946இல் மைனார்ஸ்கிக்கு பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது. விடுதலையான போர்க்கைதிகள் நிரப்பிய படிவங்களும் கியூவில்தான் உள்ளன. காணாமல் போனவர் கனடியரோ ஆஸ்திரேலியரோ என்றால் உங்களுக்கு வேலை எளிது. போரில் இறந்தோரின் கோப்புகளை அந்த நாடுகள் பெருமளவு இணையத்தில் ஏற்றியிருக்கின்றன.

கல்லறை இருக்கும் ஊரை விமானம் விழுந்த இடமாக எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் பிழை. ஜெர்மனியில் ஊர் ஊராகப் புதைக்கப்பட்டவர்களைப் போருக்குப் பின் தோண்டியெடுத்து ரைக்ஸ்வால்ட், டுர்ன்பாக் போன்ற பெரிய கல்லறைகளுக்கு மாற்றினார்கள். முதலில் புதைத்த இடம் ஆணையத் தளத்தில் உள்ள இடமாற்றத் தாளில் பதிவாகியிருக்கலாம், அதைத் திறந்து பாருங்கள். நெதர்லாந்திலும் பிரான்சிலும் பலர் விழுந்த ஊரின் கல்லறையிலேயே இருக்கிறார்கள். 'கூட்டுக் கல்லறை' என்றிருந்தால் உடல்களைத் தனித்தனியே அடையாளம் காண முடியவில்லை என்று பொருள். கல்லறையே இல்லாதவர்களின் பெயர்கள், 20,000க்கும் மேல், இங்கிலாந்தின் ரன்னிமீட் நினைவகச் சுவர்களில் உள்ளன. கடலில் விழுந்தவர்கள் அவர்களில் ஏராளம். வங்காளத்துத் தளங்களிலிருந்து பர்மா மேல் பறந்து மறைந்தவர்களை சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ள நினைவகத்தில் தேட வேண்டும்.

எந்த ஜெர்மன் விமானி சுட்டார் என்று அடித்துச் சொல்பவர்களிடம் கவனமாக இருங்கள். ஒரே மணி நேரத்தில் ஒரே பகுதியில் பல விமானங்கள் விழுந்த இரவுகள் அவை. நேரம், இடம், உயரம் மூன்றும் பொருந்தாவிட்டால் உங்கள் குறிப்பில் 'இருக்கலாம்' என்றே எழுதுங்கள். ஏழு பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். உயிரைப் பணயம் வைத்துச் சேர்ந்து பறந்தவர்களில் ஒருவரை மட்டும் பிரித்து நினைப்பது நியாயமில்லை.