பாப்கோர்ன் சீலிங்கைச் சுரண்டியாகிவிட்டது: யார் பொறுப்பு?

கேள்வி: கனடாவின் ஒன்ராறியோவிலுள்ள ஸ்காபரோவில் 1974 இல் கட்டிய வீடொன்றை இந்த வருடம் வாங்கினோம். சீலிங் முழுக்கப் பாப்கோர்ன் பூச்சு (சோளப்பொரி போலச் சொரசொரப்பான பழைய பூச்சு). அதைச் சுரண்டி மட்டமாக்கித் தருவதாக ஒரு கொன்ராக்டர் வீட்டுக்கு வந்து பார்த்து, 7,000 டொலர் என்று அரைப்பக்கத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினார். 3,000 முற்பணம் கொடுத்தோம். எந்தச் சோதனையும் இல்லாமல் ஹோலைச் சுரண்டி முடித்துவிட்டார். பிறகு நாங்கள் ஒரு துண்டை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். 2% அஸ்பெஸ்டஸ் (தூசியாகி மூச்சில் போனால் நுரையீரலைப் பாதிக்கும் கனிம நார்) என்று வந்தது. வேலையை நிறுத்தச் சொன்னால், மிச்சக் காசு தராவிட்டால் வீட்டின் மேல் லீன் (கூலிப் பாக்கிக்காக வீட்டுப் பத்திரத்தில் பதியும் உரிமைப் பிடி) போடுவேன் என்கிறார். வீட்டை விற்றவரிடமும் நட்டஈடு கேட்கலாமா?

பதில்: முதலில் ஃபர்னஸை (வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்) நிறுத்துங்கள். அதன் காற்றாடி தூசியை எல்லா அறைக்கும் கொண்டுபோகும். ஹோலை மூடிவிட்டு, உள்ளே போகாமல் வாசலில் நின்று படம் எடுங்கள். சாதாரண வக்யூமால் இழுக்கவோ, உறவினரைக் கூப்பிட்டுக் கூட்டித் துடைக்கவோ வேண்டாம். உடம்புக்கும் கேடு, வழக்குக்கும் கேடு. அஸ்பெஸ்டஸ் அகற்றும் தகுதியுள்ள நிறுவனமே துப்புரவு செய்யட்டும். அவர்களின் அறிக்கை, பில், இறுதிக் காற்றுச் சோதனை முடிவு மூன்றும்தான் நாளைக்கு உங்கள் நட்டஈட்டுக் கணக்கு.

ஒன்ராறியோவின் 278/05 ஒழுங்குவிதிப்படி எடையில் 0.5% அஸ்பெஸ்டஸ் இருந்தாலே அது அஸ்பெஸ்டஸ் பொருள். கையால் நசுக்கினால் பொடியாகும் அத்தகைய பூச்சை ஒரு சதுர மீற்றருக்கு மேல் அகற்றினால் அது மூன்றாம் வகை வேலை, அதாவது கட்டுப்பாடு மிகக் கடுமையான வகை. தொழில் அமைச்சுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், இடத்தை முற்றாக அடைத்துக் காற்றை வடிகட்டி வெளியேற்ற வேண்டும், பயிற்சி பெற்றவர்கள்தான் செய்ய வேண்டும். உங்கள் கொன்ராக்டர் இவற்றில் எதையும் செய்ததாகத் தெரியவில்லை.

ஆனால் அவருடைய சட்டத்தரணி ஒரு கேள்வி கேட்பார்: வீட்டுக்காரர் ஏன் முன்பே சோதிக்கவில்லை? வெறும் சாக்கு என்று தள்ள முடியாது. வேலை தொடங்குமுன் இப்படியான பொருள் இருக்கிறதா என்று கண்டறியும் கடமையைத் தொழிற் பாதுகாப்புச் சட்டம் உரிமையாளர் மேலும் வைக்கிறது. நீதிபதி உங்கள் நட்டஈட்டில் ஒரு பங்கைக் குறைக்கக்கூடும். 1970களின் பாப்கோர்ன் பூச்சு என்றால் சந்தேகப்பட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விடயம் என்று நாம் பதில் சொல்லலாம், அது பலமான பதிலும்கூட. இருந்தாலும் வழக்கை இந்த ஒரு காலில் மட்டும் நிறுத்த மாட்டேன்.

உங்கள் கையில் உள்ள பெரிய பலம் அந்த அரைப்பக்கத் தாள். கொன்ராக்டர் உங்கள் வீட்டுக்கு வந்து செய்த ஒப்பந்தம், 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நேரடி ஒப்பந்தம் எனப்படும். எழுத்துப் பிரதி கிடைத்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே அதை இரத்துச் செய்யலாம். அந்தப் பிரதியில் சட்டம் கேட்கும் விபரங்கள் இல்லாவிட்டால் அந்த உரிமை ஒரு வருடம்வரை நீளும். இரத்துச் செய்யும் உங்கள் உரிமையையே அதில் எழுதியிருக்க வேண்டும். அரைப்பக்கத்தில் அது இருக்கும் என்று நான் நம்பவில்லை. தாளை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். முறைப்படி இரத்துச் செய்தால் வாங்கிய காசை 15 நாளில் அவர் திருப்பித் தர வேண்டும். சுரண்டிய வேலைக்கு ஏதாவது கொடுப்பதே நியாயம் என்று நீதிமன்றம் நினைக்கவும் இடமுண்டு. ஆனால் வீட்டையே தூசியாக்கிய வேலைக்கு என்ன பெறுமதி என்று அவர்தான் விளக்க வேண்டும். துப்புரவுச் செலவு வேறு கணக்கு. ஏற்கத்தக்க தரத்தில் வேலை செய்து தருவது அதே சட்டத்தின்படி அவர் கடமை. கவனயீனத்துக்கும் தனியாக நட்டஈடு கேட்கலாம்.

லீன் என்றதும் பயப்படாதீர்கள். வேலை முடிந்த, கைவிடப்பட்ட அல்லது ஒப்பந்தம் முடிவுக்கு வந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் அவர் அதைப் பதிய வேண்டும். பிறகு வழக்கும் போட வேண்டும். செய்யாத வேலைக்கு லீன் இல்லை. வேண்டுமென்றே தொகையை ஊதிப் பதிந்தால் உங்களுக்கு வரும் நட்டத்துக்கு அவரே பொறுப்பு. அப்படிப் பதிந்தால் அன்றே எனக்குச் சொல்லுங்கள்.

வீட்டை விற்றவரை விடுங்கள் என்பதே என் அபிப்பிராயம். சீலிங் கண்ணுக்குத் தெரிந்த பொருள். கை வைக்காத பூச்சு சாதாரணமாக வீட்டை வாழ முடியாததாக ஆக்குவதில்லை. அஸ்பெஸ்டஸ் இருப்பது அவருக்குத் தெரிந்தே மறைத்தார் என்று காட்டும் பழைய சோதனை அறிக்கை போல ஏதாவது கிடைத்தால் திரும்பப் பார்ப்போம்.

மற்ற அறைகளில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். ஒரே வகைப் பூச்சு 90 சதுர மீற்றருக்குக் குறைவாக இருந்தால், அதில் அஸ்பெஸ்டஸ் இல்லை என்று சொல்ல ஒழுங்குவிதி குறைந்தது 3 மாதிரிகள் கேட்கிறது. ஒரு மாதிரியில் இருப்பது தெரிந்தாலே அந்தப் பூச்சு முழுவதையும் அஸ்பெஸ்டஸாகத்தான் நடத்த வேண்டும்.

நட்டம் 50,000 டொலருக்குள் என்றால் சிறு உரிமைக்கோரல் நீதிமன்றம் போதும். விடயம் தெரியவந்த நாளிலிருந்து 2 வருடங்களுக்குள் வழக்குப் போட வேண்டும். ஆனால் இந்த வாரமே கொன்ராக்டருக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள்: ஒப்பந்தம் இரத்து, வேலை நிறுத்தம், முற்பணத்தைத் திருப்பித் தரக் கோரிக்கை, அவருடைய பொறுப்புக் காப்புறுதிச் சான்றிதழின் பிரதி. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். இப்படியான காப்புறுதிகள் பலவற்றில் அஸ்பெஸ்டஸ் விலக்கப்பட்டிருக்கும். அப்படியானால் தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தாலும், காசை அவரிடமிருந்தே நேரடியாக அறவிட வேண்டியிருக்கும். வழக்குச் செலவு செய்யுமுன் அவருக்குச் சொத்து ஏதும் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிடுவோம்.