என்எம்சி 811 ஸ்லரி இரண்டு மணி நேரத்தில் அகார் அகார் மாதிரி உறைந்தால்

லித்தியம் பேட்டரியின் நேர்மின்முனையில் பூச நீங்கள் கலக்கிய என்எம்சி 811 (நிக்கல் அதிகமுள்ள தூள்) குழம்பு உறைந்துவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். இனிமேல் கரைப்பானான என்எம்பியை ஊற்றிக் கலக்காதீர்கள், அந்தக் கலவை திரும்ப வராது. தூளை ஒட்டவைக்கும் பாலிமரான பிவிடிஎஃப்பின் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்துவிட்டன.

பெரும்பாலும் காரணம் ஈரம். பினாங்கின் பாயான் லெப்பாஸ் ஈரக் காற்றில் தூளைத் திறந்து வைத்து எடை போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நிக்கல் அதிகமுள்ள தூளின் மேல் மிஞ்சிய லித்தியம் ஈரம் பட்டதும் லித்தியம் ஹைட்ராக்சைடாகிறது. அந்தக் காரம் பிவிடிஎஃப்பிலிருந்து ஹைட்ரஜனையும் ஃபுளோரினையும் பிடுங்குகிறது. அங்கே இரட்டைப் பிணைப்பு உருவாகி, பிறகு சங்கிலிகள் கோத்துக்கொள்கின்றன. நிக்கல் இல்லாத லித்தியம் இரும்பு பாஸ்பேட் தூளான எல்எஃப்பியில் இந்தத் தொல்லை இல்லாததற்கும் இதுதான் விளக்கம்.

உறுதி செய்ய:

1. மின்சாரம் கடத்தச் சேர்க்கும் கார்பன் இல்லாமல், 5% பிவிடிஎஃப் கரைசலில் கொஞ்சம் தூள் போட்டுக் குலுக்கி, இறுக மூடி ஓர் இரவு அசையாமல் வையுங்கள். மேலே தெளிந்த திரவம் தேநீர் நிறமானால் காரம்தான்.
2. 5 கிராம் தூளை 50 மில்லி அயனி நீக்கிய நீரில் 10 நிமிடம் கலக்கி, வடிகட்டி, பிஎச் பாருங்கள். 12ஐத் தாண்டினால் அந்தத் தூளை நம்ப வேண்டாம்.

தூளை 120 டிகிரி வெற்றிட அடுப்பில் 12 மணி நேரம் உலர்த்தி, உலர் பெட்டிக்குள்ளேயே எடை போடுங்கள். புதிதாகத் திறந்த என்எம்பி மட்டும். உலர்த்தல் ஈரத்தைத்தான் போக்கும், ஏற்கெனவே உருவான காரத்தை அல்ல. பழைய தூள் என்றால் மாற்றிவிடுவதே நல்லது.

மேல் திரவம் நிறமற்றே இருந்தால் என் கணிப்பு தவறு: பிவிடிஎஃப் முழுதாகக் கரையவில்லையா, கார்பன் திரண்டதா என்று பாருங்கள்.

தயவுசெய்து பியூட்டில் கையுறை போடுங்கள். நைட்ரைலை என்எம்பி சீக்கிரமே ஊடுருவும்; கருவுக்குக் கேடு செய்யும் கரைப்பான் அது.