வாசகர் கேள்வி – பதில்: மதியச் சாப்பாடும் உடல் எடையும்

கேள்வி: நான் யாழ்ப்பாண நகரில் நாள் முழுவதும் இருந்தபடி வேலை செய்பவள். மதியத்துக்குக் கடைச் சோற்றுப் பார்சல்தான். எடை நன்றாகக் கூடிவிட்டது. ஓட்ஸ், ஒலிவ் எண்ணெய் என்று பலரும் சொல்கிறார்கள். என் சம்பளத்துக்கு அவை கட்டுப்படியாகா. செலவும் கலோரியும் குறைந்த மதியச் சாப்பாடு எது?
– வாசகி, கொக்குவில்

பதில்: அவற்றை வாங்க வேண்டியதில்லை. ஒலிவ் எண்ணெயானாலும் நல்லெண்ணெயானாலும் ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 120 கலோரி உண்டு; விலைதான் வேறு. நீங்கள் வழமையாகச் சாப்பிடும் சோறு கறியையே அளவு மாற்றிச் சாப்பிட்டால் போதும். 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 130 கலோரி இருப்பதால், பார்சலில் 400 கிராம் சோறு இருந்தால் கறியைத் தொடுமுன்பே 500 கலோரியைத் தாண்டிவிடுகிறீர்கள். மொட்டைக்கறுப்பன் போன்ற சிவப்பரிசியில் நார்ச்சத்துக் கூடுதலாக இருப்பதால் பசி தாங்குமே தவிர, கலோரியில் வெள்ளையரிசியிலிருந்து பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே அதைச் சாட்டி இன்னோர் அகப்பை போட்டுக்கொள்ள வேண்டாம்.

சோற்றைவிடக் கவனிக்க வேண்டியது கறி வைக்கும் முறை. நாம் கத்தரிக்காயை முதலில் பொரித்தெடுத்து, பின்னர் அதையே தேங்காய்ப்பாலில் இட்டுக் குழம்பு வைக்கிறோம். தாச்சியில் உள்ள எண்ணெயைப் பஞ்சுபோல உறிஞ்சிக்கொண்ட காய்க்கு மேல் முதற்பாலும் சேர்ந்தால், அது மரக்கறி என்ற பெயரில் உண்ணும் கொழுப்புத்தான். அதே கத்தரிக்காயை அடுப்பில் சுட்டுத் தோலுரித்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, தேசிக்காய்ப் புளி சேர்த்துப் பிசைந்தால் எண்ணெய் ஒரு துளியும் வேண்டாம், ருசியும் குறைவதில்லை.

வேலியில் நிற்கும் முருங்கையின் இலைக்குக் காசில்லை. பயற்றங்காய், புடலங்காய், வாழைப்பூ எதையும் வறையாக்கலாம். ஆனால் அரைத் தேங்காயைத் துருவிக் கொட்டாமல், இரண்டு மேசைக்கரண்டித் தேங்காய்ப்பூவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீனுக்கு அறக்குளாவும் பாரையும் தேவையில்லை. சூடை, நெத்தலி போன்ற மலிவான சிறுமீன்களைப் பொரிக்காமல், பழப்புளி கரைத்துப் பால் விடாமல் குழம்பு வையுங்கள். கோப்பையில் பாதி மரக்கறி, கால்வாசி சோறு, கால்வாசி மீன் அல்லது பருப்பு என்று வைத்துக்கொண்டால் கலோரிக் கணக்கே பார்க்க வேண்டியதில்லை.

காலையில் சமைக்க நேரமில்லாத நாளில் உடன் வேலை செய்யும் ஒருவரோடு ஒரு பார்சலைப் பங்கிட்டு, வறையும் அவித்த முட்டையும் வீட்டிலிருந்து கொண்டு செல்லுங்கள். செலவும் பாதியாகும். அப்பளம், மோர்மிளகாய் ஆகியவற்றைப் பங்கிடாமல் மற்றவருக்கே கொடுத்துவிடலாம்.

கேள்வி: வெள்ளிக்கிழமைகளிலும் நல்லூர்த் திருவிழாவின் 25 நாள்களிலும் எங்கள் வீட்டில் சைவம். அந்நாள்களில் எனக்கு எடை கூடுகிறதே, ஏன்?
– வாசகர், சுன்னாகம்

பதில்: மீன் நின்றதும் அதன் இடத்தை உருளைக்கிழங்குப் பிரட்டலும் வாழைக்காய்ப் பொரியலும் வடையும் பாயாசமும் பிடித்துக்கொள்கின்றன; புரதம் குறைந்து மாச்சத்தும் எண்ணெயும் ஏறுகின்றன. அவித்த கடலை, கௌபி, பயறு ஆகியவற்றில் ஒன்றைக் கறியாக வைத்து, அந்த அளவுக்குச் சோற்றைக் குறையுங்கள். சோயாமீற்றும் மலிவானதுதான்; அதை எண்ணெயில் பொரித்துக் கறி வைக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: மதியச் சாப்பாட்டை அடியோடு விட்டுவிட்டால் விரைவில் மெலியலாமா?
– வாசகி, பருத்தித்துறை

பதில்: மதியம் பட்டினி கிடப்பவர்களில் பலர் மாலைத் தேநீரோடு பணிஸ், ரோல்ஸ், மிக்சர் என்று விட்டதற்கு மேல் சாப்பிட்டுவிடுகிறார்கள். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தாலே போதுமானது. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராயின், சாப்பாட்டை விட்டால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளையையும் தவிர்க்காதீர்கள்.