வண்டி ஐடி எத்தனை டேபிளில் இருக்க வேண்டும்?

கேள்வி: டூவீலர் சர்வீஸ் கடை ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறேன். வாடிக்கையாளர், வண்டி, ஜாப் கார்டு (ஒவ்வொரு சர்வீஸுக்கும் போடும் வேலைச்சீட்டு), ஸ்பேர் (அந்த வேலையில் மாட்டிய பாகங்கள்) என்று நான்கு டேபிள். ஜாயின் (டேபிள்களை இணைத்துத் தகவல் எடுப்பது) குறையட்டும் என்று ஜாப் கார்டு, ஸ்பேர் இரண்டிலுமே வண்டி ஐடியையும் வாடிக்கையாளர் ஐடியையும் ஃபாரின் கீயாக (இன்னொரு டேபிளின் வரியைச் சுட்டும் ஃபீல்டாக) வைத்திருக்கிறேன். இந்த நான்கில் ஜாப் கார்டில் உள்ள வண்டி ஐடி தவிர மற்ற மூன்றும் வீண் என்கிறார் நண்பர். சரியா?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: ஸ்பேர் டேபிளில் உள்ள இரண்டையும் இன்றே எடுத்துவிடுங்கள். ஜாப் கார்டு ஐடி ஒன்று போதும். எந்த வண்டி என்பதைக் கார்டே சொல்லிவிடும். காலை நெரிசலில் கவுண்டரில் வேறு வண்டிக்குக் கார்டு போட்டுவிடுவார்கள், மதியம் திருத்துவார்கள். ஆனால் ஸ்பேர் வரிகளில் பழைய வண்டியே நிற்கும். மாட்டாத கிளட்ச் பிளேட் யாரோ ஒருவருடைய வண்டிக் கணக்கில் ஏறிவிடும். டேட்டாபேஸ் வாயே திறக்காது. அப்படி ஒரு வண்டி இருக்கிறதா என்று மட்டும்தான் ஃபாரின் கீ பார்க்கும். கார்டில் உள்ள அதே வண்டியா என்று பார்க்காது. இப்படி ஒன்றின் வழியாக இன்னொன்றைச் சார்ந்து நிற்பதை நீக்கத்தான் ரிலேஷனல் டேட்டாபேஸ் முறையை முன்வைத்த எட்கர் காட் 1971-இல் மூன்றாம் நார்மல் ஃபார்ம் என்ற டேபிள் வடிவமைப்பு விதியை வகுத்தார்.

ஜாப் கார்டில் உள்ள வாடிக்கையாளர் ஐடி விஷயத்தில் மட்டும் உங்கள் நண்பர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். ஒரு கடைக்கு எழுதியபோது, வண்டியை வைத்தே ஓனர் தெரியுமே என்று நானும் அந்த ஃபீல்டை நீக்கினேன். சில மாதம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒருவர் பாக்கி வைத்துவிட்டு வண்டியை விற்றுவிட்டார். வாங்கியவர் பெயருக்கு வண்டியை மாற்றியதும் பழைய கார்டுகள் அத்தனையும் அவர் கணக்குக்குப் போய்விட்டன. பாக்கி கேட்டு எஸ்எம்எஸ்ஸும் அவருக்கே போனது. மனிதர் கடைக்கு வந்து நின்ற கோலம் இன்னும் கண்ணில் இருக்கிறது.

வண்டி டேபிளில் இருப்பவர் இன்றைய ஓனர். கார்டில் இருக்க வேண்டியவர் அன்றைய பில்லுக்குப் பொறுப்பானவர். பெரும்பாலும் ஒரே ஆள்தான், ஆனாலும் தகவல் வேறு. அந்த ஃபீல்டை வைத்துக்கொண்டு, பெயரை மட்டும் 'பில் யாருக்கு' என்று மாற்றுங்கள்.

ஜாயினுக்குப் பயப்படாதீர்கள். ஸ்பேர் டேபிளின் ஜாப் கார்டு ஐடிக்கு இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) இருந்தால் ஒரு கடையின் பல வருடக் கணக்கும் நொடியில் வரும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் இன்னோடிபி எஞ்சின், ஃபாரின் கீ வைத்தாலே அதைத் தானே போட்டுக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்றால் நீங்கள்தான் போட வேண்டும்.