பழைய ஐமேக் கணினிகளுக்கு ஏன் பாதி ஒளி ஊடுருவும் உடல்?
ஒளியை உள்ளே விடும், ஆனால் உள்ளிருப்பதைத் தெளிவாகக் காட்டாது: அதுதான் பாதி ஒளி ஊடுருவும் பொருள். உரித்த நுங்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், புரியும்.

1990களில் மேசைக் கணினி என்றாலே பெரும்பாலும் வெளிர் பழுப்புப் பெட்டிதான். பார்த்தாலே அலுவலக நினைப்பு வரும். வீட்டில் இருப்பவர்களுக்குக் கணினி மீதிருந்த மிரட்சியைப் போக்கத்தான், 1998இல் ஆப்பிளின் வடிவமைப்பாளர் ஜோனி ஐவின் குழு ஐமேக்கை பாதி ஒளி ஊடுருவும் நீலப்பச்சைப் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் உடலோடு, மேலே ஒரு கைப்பிடியும் வைத்து வடிவமைத்தது. உள்பாகங்கள் நிழலாக வெளியே தெரியும் என்பதால், யாரும் பார்க்காத உட்புறத்தையும் அக்கறையோடு அமைக்க வேண்டியிருந்தது. எனக்கு மிகவும் பிடித்தது இந்த உழைப்புதான். 1999 ஜனவரியில் ஐந்து பழ நிறங்கள் வந்தன. 2002இல் வந்த அடுத்த தலைமுறை ஐமேக் வெள்ளைக்கு மாறிவிட்டது.

ஆப்பிளில் இந்தப் பாணி ஐமேக்கில்தான் தொடங்கியது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1997இலேயே ஆப்பிளின் பச்சை நிற இமேட் 300 என்ற சிறு கணினி இப்படித்தான் வந்தது.