பாடம் இலவசமாகவே இருக்கட்டும், பணம் கடைத்தெருவிலிருந்து வரட்டும்

கேள்வி: எனக்கு வயது 45. டர்பனில் ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வரிக்குரிய ஆண்டு வருமானம் 4,20,000 ரேண்டு. ஏழு வருடமாக என் கைக்காசில் ஒரு இலவசத் தமிழ் இணையதளம் நடத்துகிறேன். குழந்தைகளுக்கு எழுத்துப் பாடம், ஒலிப்பதிவோடு தேவாரம், டர்பன் நேரத்துக்குக் கணித்த பஞ்சாங்கம் எல்லாம் அதில் உண்டு. மாதம் சுமார் 40,000 பக்கப் பார்வைகள். மின்னஞ்சல் பட்டியலில் 900 பேர். சர்வர் செலவு மாதம் 300 ரேண்டு. ஆறு மாதத்துக்கு முன் கூகுள் விளம்பரம் சேர்த்தேன். இதுவரை 84 டாலர் காட்டுகிறது, கைக்கு எதுவும் வரவில்லை. தளத்தை ஆப் ஆக்கி மாதம் 40 ரேண்டு சந்தா வாங்கலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அதற்கு 30,000 ரேண்டு ஆகுமாம். என் ஓய்வூதிய நிதியில், ஓய்வுக்கு முன்பே எடுக்கக்கூடிய 'சேவிங்ஸ் பாட்' என்ற பகுதியில் 38,000 ரேண்டு இருக்கிறது. எடுக்கலாமா? விளம்பரமா சந்தாவா, எது நல்லது?
வாசகி, சாட்ஸ்வர்த், தென்னாப்பிரிக்கா

பதில்: அந்த 38,000 ரேண்டைத் தொடாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம், இதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஓய்வூதியச் சேமிப்பை இடையில் எடுக்கக்கூடியது, ஓய்வு வரை தொடக் கூடாதது என்று பிரிக்கும் டூ-பாட் முறை 2024 செப்டம்பர் 1-ஆம் தேதி வந்ததிலிருந்து என்னிடம் வருகிறவர்களில் பலர் சேவிங்ஸ் பாட்டை வங்கிக் கணக்கு மாதிரியே நினைக்கிறார்கள். வரி ஆண்டுக்கு ஒரு தடவை எடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் எடுக்கும் தொகை அந்த ஆண்டின் சம்பளத்தோடு சேர்ந்து, உங்கள் உச்ச விகிதத்தில் வரிக்கு உட்படும். உங்கள் வருமானத்துக்கு அது 31 சதவீதம். 30,000 எடுத்தால் 9,300 வரித்துறையான சார்ஸுக்குப் போய்விடும், மிச்சம் 20,700. அதிலும் நிதி நிர்வாகிகள் தங்கள் கட்டணத்தைப் பிடித்துக்கொள்வார்கள். ஆப் செய்பவருக்கு 30,000 ரேண்டு முழுசாகக் கொடுக்க வேண்டுமென்றால் நீங்கள் ஏறத்தாழ 43,500 எடுக்க வேண்டும். உங்களிடம் அவ்வளவு இல்லை. சேவிங்ஸ் பாட் முழுவதையும் துடைத்து எடுத்தாலும் 26,220-தான் தேறும். பாக்கிக்குக் கிரெடிட் கார்டைத் தேய்க்கத் தோன்றும். அங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்.

அதே 30,000 ரேண்டை எடுக்காமல் விட்டு, அது ஆண்டுக்கு 9 சதவீதம் வளர்வதாக வைத்துக்கொண்டால், உங்கள் 65-ஆவது வயதில் சுமார் 1,68,000 ஆகியிருக்கும். விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் அதன் மதிப்பு குறையும், ஒப்புக்கொள்கிறேன். அப்படியும் அது சின்னத் தொகை இல்லை.

சரி, ஆப் போட்டால் திரும்ப என்ன வரும்? பட்டியலில் இருக்கும் 900 பேரில் நூற்றுக்கு இரண்டு பேர் சந்தா கட்டுவார்கள் என்று வைப்போம். 18 பேர், ஆளுக்கு 40 ரேண்டு. ஆப் கடைக்காரர்கள் சந்தாவில் 15 சதவீதம் எடுத்துக்கொண்டால் உங்களுக்கு ஒருவரிடமிருந்து 34 ரேண்டு, மாதம் 612, வருடம் 7,344. போட்ட 30,000 திரும்பி வரவே நான்கு வருடத்துக்கு மேல் ஆகும். அதுவும் ஒருவர்கூட நடுவில் விலகக் கூடாது. ஆப்பிளுக்கு வருடா வருடம் கட்ட வேண்டிய 99 டாலரை நான் இன்னும் கழிக்கவில்லை. இது ஓடாது. உங்கள் நண்பர் நல்ல எண்ணத்தில் சொல்லியிருப்பார், ஆனால் காகிதத்தில் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்.

அடுத்தது கூகுள் விளம்பரம். ஆறு மாதத்தில் 2,40,000 பார்வைக்கு 84 டாலர் என்றால் ஆயிரம் பார்வைக்கு 35 சென்ட். குறைவாக இருக்கிறதே என்று உங்கள் தளத்தைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். தமிழ்ப் பக்கங்களுக்குக் கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் கதவைத் திறந்ததே 2018 பிப்ரவரியில்தான். தமிழ்ப் பக்கத்தில் விளம்பரம் போட ஏலம் கேட்கிறவர்கள் குறைவாக இருந்தால் விலையும் குறைவாகத்தான் இருக்கும். கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள், அதனால்தான் உங்கள் கைக்கு இன்னும் வரவில்லை. வரும்போது இது எதற்கான பணம் என்று வங்கி ஒரு படிவம் கேட்கும், வெளிநாட்டுப் பணத்துக்கு நம் நாட்டில் அந்த நடைமுறை உண்டு. வங்கிக் கட்டணமும் பிடிப்பார்கள்.

உங்கள் தளத்தை ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். 'அ' எழுதக் கற்றுத்தரும் பக்கத்தில், குழந்தை விரல் வைத்து இழுக்க வேண்டிய இடத்துக்கு நேர் கீழே, பந்தய நிறுவனம் ஒன்றின் விளம்பரம் மின்னிக்கொண்டிருந்தது. புரட்டாசி விரதப் பக்கத்தில் பொரித்த கோழி. நீங்கள் இதைக் கவனித்திருக்க மாட்டீர்கள், ஏனென்றால் ஆளுக்கு ஆள் விளம்பரம் மாறும். எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆட்சென்ஸ் அமைப்பில் சூதாட்டம், மது போன்ற வகைகளைத் தடுக்கும் வசதி இருக்கிறது, இன்றைக்கே அதைச் செய்துவிடுங்கள். குழந்தைப் பாடப் பக்கங்களிலிருந்து விளம்பரத்தை அடியோடு எடுத்துவிடுங்கள். வருமானம் கொஞ்சம் குறையும், குறையட்டும்.

இப்போது எது நல்லது என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த நாட்டிலேயே இரண்டு விதமான முயற்சியைப் பார்த்திருக்கிறோம். நியூஸ்24 தளம் 2020 ஆகஸ்டில் சந்தா முறையைக் கொண்டுவந்து, செய்திகளில் ஒரு பகுதியைப் பணம் கட்டுவோருக்கு மட்டும் என்று வைத்தது. டெய்லி மேவரிக் என்ற செய்தித் தளம் 2018-இல் உறுப்பினர் திட்டம் தொடங்கியது. அங்கே படிப்பது எல்லோருக்கும் இலவசம், விருப்பமுள்ளவர்கள் மாதாமாதம் முடிந்ததைத் தரலாம். தினம் புதுச் செய்தி எழுத பெரிய ஆள்படை இருந்தால் முதல் வழி சரிவரும். உங்களுக்கு இரண்டாவதுதான் பொருந்தும். காரணம் பணம் மட்டும் இல்லை. டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் ஒரு பாட்டி பேத்திக்குத் தேவாரம் சொல்லித்தர உங்கள் தளத்தைத் திறக்கிறார் என்று வையுங்கள். அவரிடம் கார்டு எண்ணைக் கேட்டால் அவர் தளத்தை மூடிவிட்டுப் போய்விடுவார். டேட்டாவுக்கே காசு கொடுத்துத்தான் அவர் உள்ளே வந்திருக்கிறார். தமிழ் இங்கே வீட்டுப் பேச்சிலிருந்து ஏறத்தாழ நழுவிப்போன மொழி. கற்றுக்கொள்ள வருகிற ஒருவரைக்கூட வாசலில் நிறுத்திக் காசு கேட்கும் நிலையில் நாம் இல்லை.

அப்படியானால் யாரிடம் கேட்பது?

எங்கள் வீட்டில் பழைய பிஸ்கட் டப்பா ஒன்று இருக்கிறது. அப்பா சேர்த்து வைத்த கோயில் திருவிழா மலர்கள் அதற்குள் கிடக்கின்றன. நடுப்பக்கத்தில் நிகழ்ச்சி நிரல், முன்னும் பின்னும் கட்டம் கட்டமாக விளம்பரம். புடவைக் கடை, மசாலாக் கடை, பந்தல் போடுபவர், சாவுச் சடங்கு ஏற்பாட்டாளர், டயர் கடை. அப்பாவின் மளிகைக் கடைக்கும் கால் பக்கம் உண்டு. கடைப் பெயர், தொலைபேசி எண், கீழே 'வித் காம்ப்ளிமெண்ட்ஸ்' என்று ஒரு வரி. வருடா வருடம் கோயில் மாமா ஒருவர் ரசீதுப் புத்தகத்தோடு கடைக்கு வருவார், அப்பா கல்லாவைத் திறப்பார். மலர் எல்லோருக்கும் இலவசம். அச்சுச் செலவைக் கடைத்தெரு பார்த்துக்கொள்ளும். இதை யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை, நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து பார்த்த வழி. சாட்ஸ்வர்த்தில் வாசலில் இலவசமாகப் போட்டுவிட்டுப் போகும் வாரப் பத்திரிகையும் இப்படித்தான் நடக்கிறது.

உங்களுக்கும் இதுதான் வழி என்று நினைக்கிறேன். உங்கள் 84 டாலரை ஆறு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 14 டாலர். டாலருக்கு 18 ரேண்டு என்று வைத்தாலும் சுமார் 250 ரேண்டு. மாதம் 250 ரேண்டு கொடுக்கும் ஒரே ஒரு பூஜைச் சாமான் கடை, கூகுள் விளம்பரம் மொத்தத்துக்கும் சமம். எட்டுக் கடை சேர்ந்தால் மாதம் 2,000.

கடைக்காரர் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். உங்களிடம் இருக்கும் பஞ்சாங்கத்துக்காகத்தான். சென்னையில் மாலை 5 மணிக்கு அமாவாசை தொடங்கினால் இங்கே அப்போது பகல் 1:30. சூரிய உதயமும் வேறு. இந்தியக் காலண்டரைப் பார்த்து நாள் தவறவிட்டவர்கள் நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். டர்பன் நேரத்துக்குத் திதி தேடி உங்கள் பக்கத்துக்கு வருபவர் அந்த வாரமே கற்பூரமும் வெற்றிலையும் வாங்கப் போகிறவர். இதைவிடப் பொருத்தமான வாடிக்கையாளரைப் பூஜைக் கடைக்காரருக்கு யார் காட்டுவது? தேடல் பக்கமே பதிலைச் சொல்லிவிடும் காலம் இது, அதனால் வெறும் தேதியை மட்டும் நம்பாதீர்கள். ஊருக்கு ஊர் நேரம், விரத முறை, அன்றைக்குப் படிக்கும் பதிகம் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும்.

விற்கும்போது பார்வை எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லாதீர்கள். 40,000 பார்வையில் எத்தனை தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது என்று தனியாக எடுத்து, அதை மட்டும் காட்டுங்கள். இந்தியாவிலிருந்து வரும் பார்வையால் இங்கே டொங்காட்டில் இருக்கும் கடைக்காரருக்கு ஒரு பயனும் இல்லை. விளம்பரத்தைச் சாதாரணப் படமாகவே போடுங்கள். ஆளைப் பின்தொடரும் நிரல் எதுவும் வேண்டாம். கடைக்காரருக்கு மின்னஞ்சல் பட்டியலைக் கொடுக்கவே கூடாது. தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா 2021 ஜூலையிலிருந்து முழுசாக நடைமுறையில் இருக்கிறது, அந்த 900 பேர் பாடத்துக்காகத்தான் உங்களுக்கு முகவரி தந்தார்கள்.

பட்டியலில் உள்ளவர்களிடம் நீங்களே ஒரு தடவை எழுதிக் கேட்கலாம். தளம் எப்போதும் இலவசம், நடத்த வருடம் 3,600 ரேண்டு ஆகிறது, முடிந்தவர்கள் ஆண்டுக்கு 240 ரேண்டு தாருங்கள் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். முன்பு சொன்ன அதே 18 பேர் கொடுத்தாலே 4,320 வந்துவிடும், சர்வர் செலவு அடைந்துவிடும். மாதம் 20 ரேண்டாக வாங்காதீர்கள். பணம் வாங்கித்தரும் சேவைகள் சதவீதத்தோடு ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஒரு நிலையான தொகையும் பிடிப்பது வழக்கம், சின்னத் தொகையை அது தின்றுவிடும். வங்கிக் கணக்குக்கு ஈஎஃப்டி பரிமாற்றமாக நேராக அனுப்பச் சொன்னால் இன்னும் நல்லது. ஒன்றில் கவனம்: கொடுப்பவருக்கு வரிச் சலுகை கிடைக்கும் என்று வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள். வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 18ஏ அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் மட்டுமே அந்தச் சான்றிதழைத் தரலாம். உங்கள் தளம் தனிநபருடையது.

வரி விஷயம் சுருக்கமாக. கடைகளிடம் ஒழுங்காகக் கட்டணம் வாங்கத் தொடங்கினால் அது தொழில் வருமானம். நீங்கள் வரியை முன்கூட்டியே தவணையாகக் கட்டும் ப்ரொவிஷனல் வரிதாரர் ஆகிவிடுவீர்கள், ஆகஸ்ட் முடிவிலும் பிப்ரவரி முடிவிலும் ஐஆர்பி6 படிவம் போட வேண்டும். சர்வர், டொமைன், ஒலிப்பதிவுச் செலவுகளைக் கழிக்கலாம், ரசீது இருந்தால். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அடுத்தவர் கணக்கை அழகாக எழுதிவிட்டுச் சொந்தக் கணக்கைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வைப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். தனி வங்கிக் கணக்கு ஒன்றைத் திறந்துவிடுங்கள்.

வேலையை விடும் எண்ணம் கடிதத்தில் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். எட்டுக் கடை, 18 பேர், தடுத்த பிறகு மிஞ்சும் கூகுள் காசு எல்லாம் சேர்ந்தாலும் மாதம் 2,500 பக்கம்தான் வரும். சர்வர் செலவு போக 2,200. அதை வைத்துத் தேவாரம் பாட ஓதுவார் ஒருவருக்கு மரியாதையாகச் சம்பளம் கொடுத்துப் பதிவு செய்யலாம். இப்போது சில பதிகங்களில் மின்விசிறிச் சத்தம் கேட்கிறது. ஆப் ஆசை இருந்தால் அதையும் இந்தக் கணக்கில் சேரும் பணத்திலேயே பிறகு செய்துகொள்ளலாம்.

புரட்டாசி செப்டம்பர் நடுவில் பிறக்கிறது. உங்கள் தளத்துக்குக் கூட்டம் ஏறும் மாதமும் அதுதான். ஆகவே ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே கிளம்புங்கள், சனிக்கிழமை காலையில் வேண்டாம், கடையில் கூட்டம் இருக்கும். செவ்வாய் மத்தியானம் போங்கள். போனில் தளத்தைத் திறந்து கடைக்காரர் கையிலேயே கொடுங்கள், அவரே அடுத்த அமாவாசையைத் தேடிப் பார்க்கட்டும். கூடவே கார்பன் தாள் வைத்த ரசீதுப் புத்தகம் ஒன்றும் பையில் இருக்கட்டும்.